பதினாலாம் மண்டபத்துச் சப்பாத்துக்காரர்

"ஒரு பக்கம் காணும், நிரஞ்சினி. பிறந்த ஊர், வந்த ஆண்டு, செய்த சேவை. அவ்வளவுதான்."

இப்படிச் சொல்லித்தான் எங்கள் சங்கத் தலைவர் சண்முகநாதன் அண்ணை இந்த வேலையை என் தலையில் கட்டினார். ஆண்டு மலரில் அரசரத்தினம் அண்ணையைப் பற்றி ஒரு குறிப்பு வர வேண்டுமாம். ஒரு பக்கத்தில் அடக்குவதற்கு நான் என்ன மரண அறிவித்தலா எழுதுகிறேன்? மனிதர் டீட்டிகோனில் மூன்றாம் மாடியில் உயிரோடு இருக்கிறார். பக்கம் கூடினால் தலைவர் தன்னுடைய வாழ்த்துரையைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன். பிறந்த ஊர் களுவாஞ்சிக்குடி. சுவிசுக்கு வந்தது எண்பத்தொன்பதில். பாடனில் ஓர் உணவகத்தில் ஏழு வருடம் கோப்பை கழுவினார். அதன் பிறகு டீட்டிகோனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் பெட்டி அடுக்கினார். எந்தப் பெட்டி எந்த வாசலால் வந்து எந்த வாசலால் போக வேண்டும் என்பதுதான் அவர் அங்கே படித்த படிப்பு. மனைவிக்குப் பக்கவாதம் வந்ததும் அந்த வேலையை விட்டார். வயது அறுபத்து மூன்று. ஒரே மகள் யாதவி லோசானில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். செய்த சேவை: போன வருடம் உலக உணவுக் கண்காட்சியில், எங்கள் சோற்று மண்டபத்து வாசலில் இருந்து, வந்தவர்கள் காலிலிருந்து கழற்றிய சப்பாத்துகளை வாங்கி வைத்தார்.

கண்காட்சி நடந்த அந்த ஆறு மாதமும் மனிதருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மனைவி சிவபாக்கியம் அக்கா ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மண்டபத்துக்குள் வந்து எல்லாரோடும் இருந்து ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அதற்காக அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் ஸ்பிடெக்ஸ் வேலை என்னுடையது. சிவபாக்கியம் அக்கா வீட்டுக்கு நாலு வருடமாகக் காலை ஏழரைக்குப் போகிறேன். பக்கவாதம் அவருடைய இடது கையையும் இடது காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாயை மட்டும் விட்டுவிட்டது. நான் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, இடது காலுக்குத் தாங்கு பட்டை கட்டி, சப்பாத்துப் போட்டு, சில்லுக் கதிரையில் இருத்திவிட்டு வருவேன். பகலில் இன்னொருத்தி போவாள்; கண்காட்சி நடந்த மாதங்களில் அண்ணை வீடு திரும்பும் வரை நிற்பாள். மிச்சமெல்லாம் அண்ணைதான். சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், தலை இழுத்துப் பின்னிவிடுவார். பின்னல் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அக்கா அதற்கும் ஏசுவார்.

ஆனால் அக்கா வெளியே வர மாட்டார். கண்காட்சி தொடங்கும்போது, வைத்தியரிடம் போவதைத் தவிர மூன்று வருடமாக எங்கும் போனதில்லை. திரிம்பாக் கோயிலில் திருவிழா என்றாலும் சரி, சொந்தத் தங்கை மகளின் கலியாணம் என்றாலும் சரி, "என்னைத் தள்ளிக்கொண்டு திரியிறதைச் சனம் பாக்க வேணுமோ?" என்று ஒரே கேள்விதான். அண்ணை கெஞ்சிப் பார்த்தார். யாதவி லோசானிலிருந்து வந்து அழுதும் பார்த்தாள். அக்கா அசையவில்லை.

இனிக் கண்காட்சி. போகாதவர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஓல்ட்டனுக்குக் கிழக்கே, ஆரே ஆற்றோரத்தில், ஒரு பெரிய வெளி. அதன் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தெரு. தெருவுக்கு மேலே முழுக்க வெள்ளைத் துணிப் பந்தல். இரண்டு பக்கமும் எழுபது உணவு மண்டபங்கள். சில நாடுகளுடையவை, சில எங்களைப் போன்ற சங்கங்களுடையவை. ரயிலில் வருகிறவர்களுக்கு மேற்கு வாசல். பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்களுக்குக் கிழக்கு வாசல். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் தெற்கில் ஒரு சின்ன வாசல். நடக்க மாட்டாதவர்களுக்குச் சுற்றுவேலி ஓரமாக மின்சார வண்டி ஓடும். முக்கால்வாசிச் சனம் ரயிலில்தான் வந்தது. அதனால் மத்தியானத்துக்குள் மேற்குப் பக்கத்து மண்டபங்களில் கால் வைக்க இடமிருக்காது. கிழக்குக் கோடியில் இருந்தவர்கள் ஆளில்லாமல் இலையான் கலைத்துக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மேற்கிலிருந்து பதினாலாவது. அதைத் தன்னுடைய கெட்டித்தனம் என்று சண்முகநாதன் அண்ணை இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். குலுக்கலில் விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சனம் நெரிபடாமல் இருக்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. எந்த மண்டபத்துக்கும் தெருப்பக்க வாசலால்தான் உள்ளே போகலாம். வெளியே வருவது பின்பக்க வாசலால், வாய்க்கால் ஓரப் பாதைக்கு. வந்த வழியே திரும்ப முடியாது. ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் வரலாம். வரிசை ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் சிவப்பைப் போட்டுவிடுவார்கள். பிறகு அரை மணித்தியாலத்துக்குப் புதிதாக ஒருவரையும் அந்த வரிசையில் சேர விடமாட்டார்கள்; தெருவில் நிற்கும் காவலர்கள் அடுத்த மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தச் சட்டம் எழுதிய புத்தகம் எங்கள் மண்டபக் குழுவில் ஒன்பது பேருக்கும் வந்தது. ஒன்பது பேரும் வாசித்தோம். நானும் ஒருத்தி. வாசித்துவிட்டு என்ன செய்தோம்? மண்டபத்துக்குள் அன்னபூரணி படம் வைத்தோம். கோலம் போட்டோம். நிலத்தில் பாய் விரித்துப் பந்தி இருத்துவது என்றும், கீழே இருக்க மாட்டாதவர்களுக்குச் சுவரோரம் வாங்கு போடுவது என்றும் முடிவெடுத்தோம். சோறு போடும் இடம், அம்மன் இருக்கும் இடம், அங்கே சப்பாத்தோடு வரலாமா? வாசலில் அழகாக ஒரு மரத்தட்டு அடித்து, சப்பாத்துகளைக் கழற்றி வைக்கச் சொல்லி நாலு மொழியில் எழுதி மாட்டினோம். கோயிலிலும் வீட்டிலும் போன வாசலாலேயே திரும்பி வந்து சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு போய்ப் பழகிய சனம் நாங்கள். வேறு வாசலால் வெளியே போகிறவன் சப்பாத்துக்கு எங்கே போவான் என்று ஒன்பது மண்டைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் பரிசோதனைக்காக நூற்றிருபது பேரை உள்ளே விட்டார்கள். சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பின்வாசலால் வெளியே போனார்கள். போனவர்கள் வாய்க்கால் ஓரத்துச் சரளைக்கல்லில் காலுறையோடு நின்றார்கள். சப்பாத்தெல்லாம் தெருப்பக்கத்தில். சுற்றி வருவதென்றால் நானூறு மீட்டர். மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வயதான சுவிஸ் ஐயா, ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இதுவும் உங்கள் பண்பாட்டில் ஒரு பகுதியா?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் ஃபிராவ் ஆம்ரைன் வந்து பார்த்தார். கத்தவில்லை. அந்த மனுஷி கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. "நாளைக்குள் இது சரிவர வேண்டும். இல்லாவிட்டால் பதினாலாம் மண்டபம் திறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். குழு அவசரமாகக் கூடியது. அம்மனை வெளியே எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். சப்பாத்துக்கு மேலே போடுவதற்குப் பிளாஸ்டிக் உறை கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். "என்ன, ஆஸ்பத்திரியோ நடத்துறம்?" என்று தலைவர் பாய்ந்தார்.

அரசரத்தினம் அண்ணை குழுவில் இல்லை. கோப்பை கழுவத்தான் அவரைச் சேர்த்திருந்தோம். கையில் சவர்க்கார நுரையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "பெட்டியில போட்டு அனுப்பினால் என்ன?" என்றார்.

"என்னத்தை?" என்றார் தலைவர்.

"சப்பாத்தைத்தான். ஆள் உள்ளால போகட்டும். சப்பாத்து வெளியால போகட்டும். அங்கால ரெண்டும் சந்திக்கட்டும்."

அவ்வளவு இலேசான விஷயம். அன்றைக்கே அண்ணை பழைய வேலைத்தளத்துக்குப் போன் அடித்து நீலப் பெட்டி இருநூறும் உருட்டு வண்டி நாலும் இரவலாக எடுத்துவிட்டார். ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் இலக்கம், அதே இலக்கம் எழுதிய துண்டு ஆளின் கையில். இருபது பெட்டி சேர்ந்ததும் வண்டியை, சாமான் கொண்டுபோக மட்டும் விட்டிருந்த பக்கத்துச் சந்தால் பின்வாசலுக்குத் தள்ளிவிடுவது. சாப்பிட்டு வருகிறவர் துண்டைக் கொடுத்துச் சப்பாத்தை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த நாள் முந்நூறு பேரை விட்டுப் பார்த்தார்கள். ஒரு காலுறைகூட நனையவில்லை. ஃபிராவ் ஆம்ரைன் அண்ணைக்குக் கை கொடுத்து, ஒரு மஞ்சள் அங்கியும் ஒரு வோக்கிடோக்கியும் கொடுத்தார். கோப்பை கழுவ வந்தவர் வாசல் பொறுப்பாளர் ஆனது இப்படித்தான்.

வாசலில் ஒரு முக்காலி போட்டு இருப்பார். இளந்தாரிகள் தாங்களே கழற்றிக் கொடுப்பார்கள். குனிய மாட்டாத கிழவர், பிள்ளைத்தாச்சி, கைக்குழந்தையோடு வருகிற தாய், இவர்கள் வந்தால் அண்ணை முக்காலியை விட்டு இறங்கி முழங்காலில் இருந்து தானே கழற்றுவார். முதல் தடவை ஒரு சில்லுக் கதிரை வந்தபோது தலைவருக்குத் தயக்கம். "சில்லும் சப்பாத்து மாதிரித்தானே, தெருவெல்லாம் உருண்டு வருது" என்றார்.

"சப்பாத்தைக் கழட்டலாம். சில்லைக் கழட்டினால் அந்த மனிசன் என்னெண்டு போறது?" என்று கேட்டுவிட்டு, அண்ணை ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து வந்து நாலு சில்லையும் துடைத்தார். பிறகு அந்த மனிதரின் சப்பாத்தையும் கழற்றி, கதிரையை உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழமையாகிவிட்டது. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு. முதல் நாலு மாதத்தில் பதினாலாம் மண்டபத்துக்கு ஒருநாள்கூடச் சிவப்பு விழவில்லை. அதில் மனிதருக்குச் சரியான பெருமை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் முதல் வார்த்தையே "இண்டைக்கும் பச்சைதான்" என்பதுதானாம்.

இரண்டாவது வார்த்தை, "நீர் எப்ப வாறீர்?"

வழி முழுவதையும் அவர் அளந்து வைத்திருந்தார். டீட்டிகோனில் எந்த மேடையில் எந்த ரயில் பெட்டி, ஓல்ட்டனில் சாய்வுப் பலகை போடுகிறவர்களுக்கு எத்தனை மணிக்குப் போன் அடித்துச் சொல்ல வேண்டும், மேற்கு வாசலில் எந்த லிப்ட் பெரியது, கழிவறை எங்கே, எல்லாம். "லிப்டில இருந்து எங்கட வாசல் மட்டும் முந்நூற்றிப் பத்து மீட்டர், பாக்கியம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கேபிள் போற இடத்தில ரெண்டு திட்டி. அதுக்கும் பலகை போட்டாச்சு" என்று நான் இருக்கும்போதே ஒரு நாள் சொன்னார். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த விருந்தினர் சீட்டு இரண்டும் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஏலாது" என்றார்.

வழமையான பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன். ஓகஸ்ட் மாதத்தில் ஓர் இலவசப் பத்திரிகையில் அண்ணையின் படம் வந்தது. ஒரு சுவிஸ் அம்மாவின் சில்லுக் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அந்த அம்மாவின் காலை ஒரு கையில் ஏந்திச் சப்பாத்துக் கழற்றுகிறார். அந்த அம்மா சிரிக்கிறார். நான் பெரிய சந்தோசத்தோடு அதைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் விரித்தேன். அக்கா பார்த்தார். பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னக்கா, படம் நல்லா இல்லையோ?"

"அதுக்குத்தான் நான் வரமாட்டன் எண்டுறன்."

நான் அவருடைய இடது காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன்.

"நிரஞ்சினி, கலியாணம் முடிச்சு முப்பத்திநாலு வருசம். ஒரு நாள் அந்தாளை என்ர காலில கை வைக்க விட்டதில்லை. வருத்தம் வந்த பிறகும் விடேல்லை. நீ பிந்தி வாற நாளில நான் வெறுங்காலோட காத்துக்கொண்டு இருக்கிறதைக் காணேல்லையோ? அங்க வந்தால் அந்தாள் இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர காலைத் தூக்கி வைச்சுக் கழட்டும். பிறகு நான் எந்த முகத்தோட அந்தச் சோத்தைத் தின்னுறது? எனக்குத்தான் பாவம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஊரில உள்ள சனத்தின்ர காலெல்லாம் தொடுறார். உங்கட காலில மட்டும் என்ன நெருப்போ?" என்று கேட்டேன்.

"அது வேலை. இது நான்" என்றார் அக்கா.

எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. மூன்று வருடமாக இந்த மனுஷி காலை எனக்கு நீட்டுகிறார், பகலில் வருகிற போர்த்துக்கேயப் பெட்டைக்கு நீட்டுகிறார். கண்காட்சி நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் கிடந்து உழைக்கிற மனிதருக்கு மட்டும் கிடையாது. ஒரு கையால் சப்பாத்துக் கழற்றுவது எப்படி என்று உடற்பயிற்சிக்காரி இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். அதையும் பழக மாட்டார். "எனக்கு ஆக்கள் இருக்கினம்" என்பார். இதையெல்லாம் சொல்லி நன்றாக ஏசினேன். ஏசிவிட்டுச் சப்பாத்தையும் போட்டுவிட்டேன்.

வெளியே வந்து லிப்டுக்கு நின்ற இடத்தில் அண்ணையிடம் சொன்னேன். சொல்லக்கூடாதுதான். எங்கள் வேலையில் நோயாளி சொன்னதை வெளியே கதைக்கக்கூடாது. ஆனால் எத்தனை நாளைக்கு அந்த மனிதர் முந்நூற்றிப் பத்து மீட்டரை அளந்துகொண்டிருப்பார்? கேட்டுவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவுதானோ? நான் வேற என்னவோ எண்டு பயந்திட்டன்" என்றார். "அப்ப நீர் கழட்டும், தங்கச்சி. நான் கிட்ட வரேல்லை. அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அக்கா நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் காலையில், "அவர் கிட்ட வரப்படாது. நீதான் கழட்ட வேணும்" என்றார்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கடும் நீலத்தில் சேலை. அதைக் கட்டி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. ரயிலில் அக்கா மடியில் ஒரு போர்வையை வைத்துக்கொண்டு வந்தார். மேற்கு வாசல் லிப்டால் இறங்கியதும் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் சனமென்றால் அப்படிச் சனம். தள்ளுவண்டிப் பிள்ளைகள், ஊன்றுகோல் கிழவர்கள், கையில் தட்டோடு நடந்துகொண்டே தின்கிறவர்கள். பத்தாவது மண்டபம் தாண்டியதும் போர்வை தானாகவே தோளுக்கு இறங்கிவிட்டது. "ஒருத்தரும் பாக்கேல்லையடி" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

எங்கள் வரிசையில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு விவசாயி. மலைச் சப்பாத்து, கயிறு இறுகிப்போய்க் கிடந்தது. அண்ணை முழங்காலில் இருந்து நகத்தால் முடிச்சைக் கிண்டுகிறார். விவசாயி விழாமல் இருக்க அண்ணையின் தலையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். முடிச்சு அவிழ்ந்தது. சப்பாத்தைப் பெட்டியில் வைத்துத் துண்டைக் கொடுத்து, "நல்லாச் சாப்பிடுங்கோ" என்று தன்னுடைய ஜெர்மனில் சொல்லி அனுப்பினார். அக்கா இதையெல்லாம் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு எங்கள் முறை. அண்ணை நிமிர்ந்து பார்த்தார். வாளியையும் துணியையும் எடுத்து ஒவ்வொரு சில்லாகத் துடைத்தார். நாலாவது சில்லு முடிந்ததும் பழக்கத்தில் கை சப்பாத்துப் பக்கம் போனது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. உடனே எழும்பி, இரண்டடி பின்னால் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். வாத்தியார் தண்டித்த பிள்ளை மாதிரி நின்றார். சனம் முழுக்க அவரைத்தான் பார்த்தது.

நான் குனிந்தேன்.

"விடு" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"கையை எடு எண்டுறன். நானே கழட்டுறன்."

"அக்கா, இஞ்ச வேண்டாம், சனம் நிக்குது" என்றேன். கேட்டால்தானே. வலது காலை முதலில் கழற்றினார். கால் மிதியில் குதிக்காலை உரசி உரசி, அது எப்படியோ வந்துவிட்டது. இடது கால்தான் பிரச்சினை. அதில் உயிர் இல்லை. உள்ளே பட்டை வேறு. வலது கையால் சேலையோடு சேர்த்து முழங்காலைப் பிடித்து இழுத்து வலது தொடையில் போடப் பார்த்தார். நழுவி விழுந்தது. திரும்பவும் இழுத்தார். திரும்பவும் விழுந்தது. நெற்றியில் வியர்வை. மூன்றாம் தரம் கால் தொடையில் நின்றது. சப்பாத்தின் ஒட்டுப்பட்டி இரண்டு. ஒன்றைப் பிய்த்தார். மற்றதற்குக் கை எட்டவில்லை. மூச்சு வாங்கினார்.

விளக்கு சிவப்பாகியது. தெருவில் வந்துகொண்டிருந்தவர்களைக் காவலர் பதினைந்தாம் மண்டபத்துக்கு அனுப்பத் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தலைவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அரசரத்தினம், சிவப்பு விழுந்திட்டுது! ஆரையாவது பிடிச்சுக் கழட்டச் சொல்லும்!"

அண்ணை சுவரிலிருந்து திரும்பி, வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டி வரிசையை மறித்துக்கொண்டு நின்றார். "நிக்கட்டும் அண்ணை" என்றார்.

"எழுநூறு பேருக்குச் சோறு வடிச்சு வைச்சிருக்கு!"

"ஆறட்டும்."

வோக்கிடோக்கி கரகரத்தது. ஃபிராவ் ஆம்ரைன். "வாசல் பதினாலு, அங்கே என்ன பிரச்சினை?"

"பிரச்சினை இல்லை" என்று அண்ணை ஜெர்மனில் சொன்னார். "என்னுடைய மனைவி சப்பாத்துக் கழற்றுகிறார்."

வோக்கிடோக்கி திரும்பவும் கரகரத்தது. "எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு."

பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டது. ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. அக்கா காலை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டாவது பட்டியையும் பிய்த்தார். குதிக்காலில் விரலைக் கொடுத்து நெம்பினார். சப்பாத்து கழன்று மடியில் விழுந்தது. மொத்தம் பதினொரு நிமிடம்.

அக்கா இரண்டு சப்பாத்தையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து நீட்டினார். "இந்தாங்கோ" என்றார்.

அண்ணை வந்து இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டியில் வைத்தார். துண்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அங்கேயே நின்றார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சனம் நிக்குது, விடுங்கோவன்" என்றார் அக்கா.

நான் கதிரையை உள்ளே தள்ளி வாங்கின் ஓரமாக நிறுத்தினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல் வைத்தார்கள். அக்கா பிசைந்து முதல் பிடியை வாயில் வைத்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "உறைப்போ அக்கா?" என்று நான் மடைச்சி மாதிரிக் கேட்டேன்.

"நிப்பாட்டிப் போட்டுதடி" என்றார். "எனக்காக அந்தாள் இவ்வளவு சனத்தையும் நிப்பாட்டிப் போட்டுது."

பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.